ஆயாவும் தளர்நடைக் குழந்தையும் கோடை வெயிலும்

பங்குனி மாதத்தின் கடைசி வாரம். கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில், குண்டசாலையில், பஸ் வண்டியை எதிர்பார்த்து நின்றிருந்தோம். மணி பத்தரையைக் கடந்திருந்தது. வீதியின் தார் பளபளத்தது. சற்றுத் தொலைவில் கானல் அசைந்தது. அப்பொழுது, ஒன்றரை வயது மதிக்கத்தக்க குழந்தையொன்றை இடுப்பில் ஏந்தியவாறு நடுத்தர வயதுப் பெண்ணொருத்தி வந்து நிறுத்தத்தின் கூரை நிழலில் ஒதுங்கினாள். குழந்தைக்கு நைலோன் சட்டை. தலையிலே கம்பளி நூற் குல்லாய். முகத்தின் மேலே ஒரு துவாய். துவாயை அவள் விலக்கியபோது குழந்தையின் கன்னங்கள் கன்றிச் சிவந்திருந்ததைக் கண்டோம். கண்கள் பாதி மூடியிருந்தன. அழுது ஓய்ந்த பின்னர் வரும் சோர்வு அது.

"இந்த வெயிலிலே பிள்ளையை ஏன் அம்மா வெளியே கொண்டுவந்தீர்கள்?" என்று வினவினோம்.

"என்னங்க ஐயா செய்யிறது? தினமும் பத்து மணிக்குப் பாப்பாவை வெளியே கொண்டுபோகச் சொல்லி அம்மா சொல்லியிருக்காங்க. வெயில் பட்டா எலும்புக்கு நல்லதாம். போகலைன்னா நான் வீட்டிலே உட்கார்ந்து டீவி பார்க்கிறேன்னு நினைப்பாங்க."

"வெயில் கடுமையாக இருந்தால் திரும்பிவிடலாமே?"

"சொல்லாம எப்படிங்க திரும்புறது?"

குல்லாயைக் கழற்றச் செய்தோம். எம்மிடமிருந்த போத்தல் நீரை அவள் சிறிது சிறிதாகப் புகட்டினாள். கைக்குட்டையை நனைத்துக் கழுத்தையும் கைகால்களையும் துடைத்தாள். கால்மணி நேரத்தில் குழந்தை தெளிந்து, எமது குடையின் பிடியைப் பற்றுவதற்குக் கை நீட்டியது. எமக்குரிய பஸ் வந்தது, ஏறினோம். ஆயினும் அப்பெண் இறுதியாகக் கேட்ட கேள்வி எம்மை விட்டு நீங்கவில்லை.

கோடை காலத்தில் தளர்நடைக் குழந்தைகளை ஆயாமார் வெளியே கொண்டு செல்லலாமா, ஆகாதா என்பது உத்தியோகம் பார்க்கும் தாய்மார் பலரும் கேட்கும் கேள்வி. கொண்டு செல்லவேண்டும் என்போர், குழந்தைக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்பர். ஆகாது என்போர், வெயிலில் குழந்தை வாடிவிடும் என்பர். இரு சாராரும் கூறுவதில் உண்மை உண்டு. எனவே விடயத்தைச் சற்று ஆராய்ந்து பார்த்தல் நன்று.

முதலில், எமது ஊரைப் பற்றிய தப்பெண்ணம் ஒன்றைக் களைதல் வேண்டும். கண்டி மலைநாடு, மலைநாடு குளிர்ந்தது, ஆகவே இங்கே வெயிலுக்கு அஞ்சவேண்டியதில்லை என்று பலர் எண்ணுகின்றனர். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதன் குளிர் அதற்குரியது. மகாவலி ஆற்றை அடுத்த குண்டசாலையோ ஏறத்தாழ 450 மீற்றர் உயரத்திலேயே அமைந்துள்ளது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி கடற்கரையூர்களிலும் பார்க்க எமக்குக் கிடைக்கும் குளிர்ச்சி மூன்று பாகைக்கும் குறைவு. பங்குனி, சித்திரையில் இங்கே நண்பகல் வெப்பம் சாதாரணமாக 31 பாகை செல்சியசை எட்டுகிறது.

மேலும், ஏப்ரல் 5ஆம் திகதி முதல் 14ஆம் திகதி வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறான். வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் இதனை அறிவிப்பதை வாசகர்கள் அறிவர். வெப்பச் சுட்டெண் என்ற ஒன்றையும் அத்திணைக்களம் வெளியிடுகிறது. காற்றின் வெப்பத்தோடு ஈரப்பதத்தையும் சேர்த்து, உடல் உணரும் வெப்பத்தைக் காட்டும் கணக்கு அது. சுட்டெண் 27 முதல் 32 வரையாயின் கவனம் வேண்டும். 32 முதல் 41 வரையாயின் மிகுந்த கவனம் வேண்டும். அதற்கு மேலாயின் அபாயம். ஈரப்பதம் ஏன் சேர்க்கப்படுகிறது? வியர்வை சிந்துவதனால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது தோலிலேயே தங்கிவிடும். ஆகவே வரண்ட பிரதேசத்து 31 பாகை வேறு, எமது நாட்டின் புழுக்கத்து 31 பாகை வேறு.

இனி, குழந்தையின் உடலை நோக்குவோம். அதன் எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு பெரியோருக்கு உள்ளதைக் காட்டிலும் அதிகம். எனவே சுற்றுப்புறத்தின் வெப்பத்தை அது விரைவில் ஏற்றுக்கொள்கிறது. அதன் வியர்வைச் சுரப்பிகள் பெரியோருடையவை போன்று வியர்வையைச் சுரப்பதில்லை. ஓடியாடும்போது உடலினுள் பிறக்கும் வெப்பமோ எடைக்கு ஒப்பிடுகையில் மிகுதி. தளர்நடையிடும் குழந்தையின் முகம் நிலத்துக்கு அண்மையில் இருக்கிறது. சூடேறிய தாரும் சீமெந்தும் வீசும் அனல் எமது முழங்காலில் படும்போது அதன் முகத்தில் படுகிறது. இவையனைத்துக்கும் மேலாக, தாகம் எடுக்கிறது என்று சொல்ல அதற்குத் தெரியாது. அழுகையைப் பிடிவாதம் என்றும், சோர்வை உறக்கம் என்றும் நாம் கொண்டுவிடுகிறோம்.

அவ்வாறாயின் கோடை முழுவதும் குழந்தையை வீட்டினுள் அடைத்து வைக்கலாமா? அதுவும் தகாது. ஒரு வயது முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து விளையாடுதல் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரைக்காட்சி வேண்டவே வேண்டாம் என்பதும், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணித்தியாலத்தை மிஞ்சலாகாது என்பதும் அதே வழிகாட்டலின் கருத்து. மண்ணைத் தொட்டு, இலையைக் கிள்ளி, பறவையைக் காட்டிப் பெயர் கேட்கும் பருவத்தைச் சுவர்களுக்குள்ளே கழிப்பது குழந்தைக்குச் செய்யும் நன்மையாகாது.

அன்றியும் வீட்டின் உட்புறம் எப்பொழுதும் குளிர்ந்திருக்கும் என்று எண்ணுவதும் பிழை. இந்தியாவின் அகமதாபாத் நகரில் 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் வெப்பம் 46.8 பாகையை எட்டியது. அந்நகரத்து வைத்தியசாலையொன்றில் பிரசவ விடுதி மேல்மாடியில், கூரைக்கு நேர் கீழே இருந்தது. அங்கே பிறந்த சிசுக்கள் பல வெப்பத்தினால் நோயுற்றன. பின்னர் விடுதியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியபோது அவ்வாறு நோயுறும் சிசுக்களின் தொகை பெரிதும் குறைந்தது. எமது ஊரிலும் தகரக் கூரையின் கீழ், யன்னல் சாத்திய அறையில் உறங்கும் குழந்தையை விட, மாமர நிழலில் பாயில் கிடக்கும் குழந்தை நலமாயிருத்தல் கூடும். வெளியா, உள்ளா என்பதைக் காட்டிலும் நிழலும் காற்றும் உண்டா என்பதே கேள்வி.

எப்பொழுது வெளியே செல்லலாம்? இதற்குக் கடிகாரம் வேண்டியதில்லை, நிழல் போதும். நிழல் ஆளை விடக் குட்டையானால் வெயில் கடுமை என்று கொள்க. சித்திரை மாதத்து வானத்தில், காலை ஒன்பது மணியைச் சற்றுக் கடந்ததும் எமது நிழல் எம்மை விடக் குட்டையாகிவிடும். பிற்பகல் மூன்று மணிக்குச் சற்றுப் பின்னரே மீண்டும் எமது உயரத்தை அடையும். இடைப்பட்ட ஆறு மணித்தியாலமும் குழந்தைக்கு உரிய நேரமன்று. எழுத்தறியாத ஆயாவும் இவ்வளவைக் கற்றுக்கொள்ளலாம். பாடசாலை செல்லும் மாணவரும் வீட்டு முற்றத்தில் ஒரு கோலை நட்டு இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

மாலை நேரம் ஏற்றதன்றோ என்று கேட்கலாம். குண்டசாலையில் அதற்கும் ஒரு தடையுண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் மலைநாட்டில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்வது வழக்கம். இந்நாட்டில் மின்னல் மிகுதியாகத் தோன்றும் காலமும் அதுவே. காலையில் நிழல் தந்த அதே மரம், இடி முழங்கும்போது ஆபத்தான இடமாகிவிடும். முழக்கம் கேட்டவுடன் வீட்டினுள் வந்துவிடவேண்டும். ஆகவே எம்மூருக்கு உகந்தது காலையே: ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை. டெங்கு நுளம்பு விடிந்த பின்னரும் பொழுது சாய்வதற்கு முன்னருமே மிகுதியாகக் கடிப்பதனால், கைகால்களை மறைக்கும் மெல்லிய பருத்தி உடையும், நீர் தேங்காத இடமும் வேண்டும்.

எலும்புக்கு வெயில் வேண்டும் என்ற அத்தாயின் எண்ணமும் ஆதாரமற்றதன்று. வெயில் தோலில் படுவதனாலேயே விற்றமின் டி உண்டாகிறது. விடியற்காலை இளவெயிலில் அதற்குரிய கதிர் குறைவு என்பதும் மெய்யே. ஆனால் அதற்காகக் குழந்தையை உச்சி வெயிலில் வாட்டவேண்டியதில்லை. ஒன்பது மணியை அண்டிய வெயிலில் சட்டைக் கைகளைச் சுருட்டிவிட்டுச் சிறிது நேரம் விளையாடவிடலாம். குறைபாடு உண்டென்று ஐயம் தோன்றினால் வைத்தியர் துளிமருந்து தருவார்.

ஆயாமார் பலரிடம் காணப்படும் ஒரு வழக்கத்தையும் குறிப்பிடவேண்டும். வெயில் படாதிருக்கட்டும் என்று குழந்தையின் முகத்தைத் துவாயினாலோ சேலைத் தலைப்பினாலோ மூடுகிறார்கள். தள்ளுவண்டியாயின் அதன் வாயை முற்றாக மூடிவிடுகிறார்கள். சுவீடன் நாட்டுப் பத்திரிகையொன்று 2014ஆம் ஆண்டு இதனைச் சோதித்துப் பார்த்தது. திறந்த தள்ளுவண்டியினுள் 22 பாகையாக இருந்த வெப்பம், மெல்லிய துணியால் மூடி அரைமணி நேரத்தில் 34 பாகையாகவும், ஒரு மணி நேரத்தில் 37 பாகையாகவும் உயர்ந்தது. சுவீடனிலேயே அவ்வாறாயின் எமது நாட்டில் எவ்வாறிருக்கும்? அவுஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்ட ஆய்வும் உலர்ந்த துணி வண்டியினுள் வெப்பத்தைக் கூட்டுவதைக் காட்டியது. மெல்லிய துணியை நீரில் நனைத்து, சிறு மின்விசிறியும் வைத்தபோதே வெப்பம் குறைந்தது. ஆதலின் முகத்தை மூடுவதை விடுத்துக் குடை பிடிப்பதே முறை. கம்பளிக் குல்லாய்க்குப் பதிலாக அகன்ற விளிம்புடைய பருத்தித் தொப்பியும், நைலோனுக்குப் பதிலாகத் தளர்ந்த பருத்திச் சட்டையும் அணிவிக்கவேண்டும். வெயிலில் காய்ந்த இரும்புச் சறுக்குமரத்தில் உட்காரவைக்குமுன் கையால் தொட்டுப் பார்த்தல் வேண்டும். நிறுத்திவைத்த மோட்டார் வண்டியினுள் குழந்தையை ஒரு நிமிடமேனும் தனியே விடலாகாது.

தண்ணீரைக் கேட்டபின் கொடுப்பது என்றிராது, இடைக்கிடை இரண்டு மிடறு கொடுக்கவேண்டும். கொதித்தாறிய நீர், கஞ்சி, செவ்விளநீர் யாவும் நல்லவை. ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்குத் தாய்ப்பாலே நீரும் உணவும். அதற்கு வேறு நீர் கூடாது.

இவ்வளவும் அறிந்த பின்னரும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அன்று குண்டசாலையில் அக்குழந்தை பத்தரை மணிக்கு வெளியே நின்றது எதனால்? தாயின் அறியாமையினாலோ ஆயாவின் அலட்சியத்தினாலோ என்று எளிதிற் கூறிவிடலாம். ஆனால் அவ்வீட்டின் காலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். தாயும் தந்தையும் ஏழு மணிக்கே புறப்படுகின்றனர். அதன் பின் ஆயா பாத்திரம் கழுவவேண்டும், வீடு பெருக்கவேண்டும், துணி துவைக்கவேண்டும், மதிய உணவுக்கு உலை வைக்கவேண்டும். இவையெல்லாம் முடியும்போது மணி பத்து. அதுவரை குழந்தை தொட்டிலிலோ தொலைக்காட்சியின் முன்னோ இருக்கிறது. காலைப் பொழுதின் குளிர்ச்சியைத் துடைப்பமும் துணியும் எடுத்துக்கொள்ள, மிஞ்சிய வெயில் குழந்தையின் பங்காகிறது. குழந்தை பார்க்கவென்று அழைத்த ஒருத்தியிடம் வீட்டு வேலை அனைத்தையும் ஒப்படைத்தோமாயின், குழந்தைக்குக் கிடைப்பது மற்ற வேலைகளின் மிச்சமே.

எமது தேயிலைத் தோட்டங்களில், கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பரா நெடுங்காலமாக உண்டு. இன்று அவை சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்று பெயர் பெற்று, பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் மேற்பார்வையில், பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு நடக்கின்றன. குறைகள் அங்கும் இருக்கலாம். ஆயினும் அங்கே பணிபுரிபவளுக்குக் குழந்தை பார்ப்பதே தொழில். உணவுக்கும் உறக்கத்துக்கும் ஆட்டத்துக்கும் வேளைகள் உண்டு. அதே தோட்டங்களிலிருந்து கண்டி வீடுகளுக்கு ஆயாவாக வரும் பெண்ணுக்கோ கட்டளைகள் மட்டுமே உண்டு. முறை வகுப்பவர் இல்லை.

கட்டளைக்கு அஞ்சியே அவள் "சொல்லாம எப்படிங்க திரும்புறது?" என்று கேட்டாள். எமது பண்டைய இலக்கியம் வளர்ப்புத் தாயை இவ்வாறு வைத்திருக்கவில்லை. செவிலித்தாய் என்று அவளுக்குத் தாய் என்னும் பெயரையே தமிழர் வழங்கினர். வேனிலையும் நண்பகலையும் பாலைத்திணைக்கு உரிய பொழுதாக வகுத்த அதே மரபில், வெஞ்சுரத்தின் வழியே போய்விட்ட மகளை எண்ணி வருந்தித் தேடிச் செல்பவள் செவிலியே. கலித்தொகையின் பாலைப் பகுதியில், குடை நிழலில் எதிரே வரும் அந்தணரை நிறுத்தி, என் மகளைக் கண்டீரோ என்று அவள் வினவும் காட்சியைக் கல்லூரி மாணவர்கள் படித்திருப்பர். தொல்காப்பியமோ, குடும்பத்துக்கு நல்லனவற்றை எடுத்துச் சொல்லுதலையும் ஆகாதனவற்றைத் தடுத்தலையும் செவிலிக்கு உரிய கடமையாகவே கற்பியலில் கூறுகிறது. அவள் பேசலாம், பேசவும் வேண்டும். இன்றைய ஆயாவுக்கு அந்த வாய் இல்லை.

ஆகவே தாய்மாருக்கு நாம் கூற விரும்புவது இது. ஆயாவுக்கு மணியைக் குறிக்காதீர்கள், முறையைச் சொல்லுங்கள். "நிழல் குட்டையாகுமுன் போய் வாருங்கள்; துணி துவைப்பது பின்னர் ஆகட்டும். பிள்ளை வாடினாலோ உங்களுக்கு முடியாவிட்டாலோ என்னைக் கேளாமலே திரும்பிவிடுங்கள்" என்று வெளிப்படையாகக் கூறுங்கள். குடையும், குழந்தைக்கு ஒரு போத்தல் நீரும், அவளுக்கு ஒரு போத்தல் நீரும் வாயிலருகே வைத்துச் செல்லுங்கள். பத்துக் கிலோ எடையை இடுப்பில் சுமந்து நடப்பவளும் வெயிலில் வாடும் உடல் உடையவளே. அவள் மயங்கினால் குழந்தையும் விழும்.

ஆபத்தின் அறிகுறிகளையும் அவளுக்குக் கற்பித்தல் வேண்டும். குழந்தை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்திருத்தல், கண்ணீரின்றி அழுதல், வாய் உலர்தல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, வாந்தி, தோல் கொதித்தல் ஆகியன எச்சரிக்கைகள். உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, உடையைத் தளர்த்தி, சாதாரண நீரால் உடலைத் துடைத்து விசிறவேண்டும். பனிக்கட்டி நீர் வேண்டாம். வெயிலால் ஏறிய சூட்டுக்குக் காய்ச்சல் மருந்து பயன் தராது. நினைவு தடுமாறினால் வாயில் எதனையும் புகட்டாது, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். அந்த இலக்கத்தையும் தாயின் தொலைபேசி இலக்கத்தையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பது நன்று.

சித்திரைப் புத்தாண்டு வருகிறது. புத்தாடையும் பொட்டுமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உறவினர் வீடுகளுக்குச் செல்வோம். அன்றும் சூரியன் எமது உச்சிக்கு மேலேயே நிற்பான். அன்று குழந்தையை ஏந்துபவள் ஆயாவாகவும் இருக்கலாம், பாட்டியாகவும் இருக்கலாம், நாமாகவும் இருக்கலாம். யாவராயினும், ஏந்தும் கைக்கே குழந்தையின் உடற்சூடு முதலில் தெரியும். "போதும், திரும்புவோம்" என்று அவள் கூறினால், ஏன் என்று கேளாது குடையை விரிப்போமாக.